ஒரு நாள்கூடப் பிசகாதவர்

“என்னை ஒரு இருட்டறைக்குள்ள போட்டுப் பத்து வருசம் பூட்டி வையுங்கோ. மணிக்கூடு வேண்டாம், கலண்டர் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். கதவைத் திறக்கிற அண்டைக்கு என்ன திகதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம் எண்டு சொல்லிக்கொண்டுதான் வெளியில வருவன். ஒரு நாள் பிசகினால் என்ர பேரை மாத்திக் கூப்பிடுங்கோ!”

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஹாஷிமின் போட்டோக்கொப்பிக் கடை வாசலில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தவர் திருவாளர் லோகேஸ்வரன். கேட்டவர்கள் மூவர்: கடைக்காரர் ஹாஷிம், கொப்பி மெஷினில் வேலை செய்யும் ரஜனி, மற்றது அந்த மெஷின். மூவரில் மெஷின் மட்டுமே மறுப்புத் தெரிவித்தது. ஒரு தாளை மென்று விழுங்கிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்குக் கோட்டில்லாச் சட்டத்தரணி என்று பெயர் வைப்போம். கறுப்புக் கோட்டு அணிந்த சட்டத்தரணிகளைப் பார்க்க நீங்கள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகவேண்டும். கோட்டில்லாதவர் உங்களைத் தேடி வருவார். பஸ் தரிப்பிடத்தில், பல் வைத்தியரின் வாசல் வாங்கில், கொட்டாஞ்சேனைச் செத்தவீட்டில் பெட்டி மூடுவதற்கு முன்னும் மூடிய பின்னும், தொடர்மாடியின் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்ட அந்தப் பதினைந்து நிமிடத்தில்கூட, அவர் தொண்டையைச் செருமி, “நான் சட்டத்தரணி இல்லை, ஆனால்...” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனால்’ வந்துவிட்டதா? முடிந்தது. லிஃப்ட் திறந்தாலும் உங்களுக்குக் கதவு திறக்காது.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. கொட்டாஞ்சேனை வகை குரலால் வாதாடும்; வெள்ளவத்தை வகை கோப்பால் வாதாடும். லோகேஸ்வரன் கோப்பு வகை. அவர் சட்டம் படித்த பல்கலைக்கழகம் ஒரு மதில். ஊரில் பக்கத்து வளவுக்காரன் தன் மதிலை ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டிவிட்டான் என்று அவர் போட்ட வழக்கு பத்தொன்பது வருடம் ஓடியது. மூன்று நீதிபதிகள் ஓய்வு பெற்றார்கள், பக்கத்து வளவுக்காரன் கனடா போனான், வழக்குத் தோற்றது, மதில் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் அந்தப் பத்தொன்பது வருடமும் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாங்கில் இருந்து, தன் வழக்கு வரும்வரை மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு, அவருக்குள் ஒரு சட்டம் ஊறிவிட்டது. என்ன சட்டம் என்று கேட்காதீர்கள். அவருடைய பிரிவுகளுக்கெல்லாம் ஒரே இலக்கம்தான்: “முன்னூற்றுச் சொச்சமாம் பிரிவு.”

எல்லா வழக்குக்கும் ஆலோசனை சொல்வார் என்றாலும், அவருடைய விசேஷத் துறை விடுதலைத் திகதி. மற்றவர்கள் சாதகம் பார்ப்பார்கள். இவர் சிறைவாசம் பார்ப்பார். யாராவது உள்ளே போய்விட்டான் என்று காதில் விழுந்தால் போதும், நகைக்கடைகள் வருடப் பிறப்புக்குக் கொடுத்த எட்டு வருடத்துக் கலண்டர்களை இறப்பர் பட்டியால் கட்டிய கட்டை அவிழ்த்து, விரலை நாக்கில் தொட்டு, லட்சுமி படம் லட்சுமி படமாகப் புரட்டி, காதில் செருகிய பென்சிலை எடுத்து, சுகம் விசாரிப்பதற்கு முன்னால் திகதியைச் சொல்லிவிடுவார். குற்றம் என்ன என்று கேட்கமாட்டார். செய்தானா இல்லையா என்றும் கேட்கமாட்டார். அதெல்லாம் சில்லறை.

ரஜனியின் கணவன் திலக்ஷன் விடயத்திலும் அப்படித்தான் நடந்தது.

திலக்ஷன் வான் ஓட்டுகிறவன். வானின் பின்பக்கம் ஏற்றிய பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு மூன்று வருடம். அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே பதினான்கு மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டான். நீதிபதி மூன்று வருடம் என்று வாசித்தார். பதினான்கு மாதத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. அது நீதிமன்ற மேசைக்கும் சிறைக் கதவுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்து காணாமல் போயிற்று.

மறுநாள் கடைக்கு வந்த ரஜனி, மெஷினுக்குத் தாள் வைத்தபடியே கேட்டாள்:

“அப்போ அந்தப் பதினாலு மாசமும் அவரு எங்க அங்கிள் இருந்தாரு? கொட்டாஞ்சேனையிலேருந்து பஸ் ஏறி நான்தானே சோத்துப் பார்சல் கொண்டுபோய் குடுத்தேன்?”

“அதுதான் பிள்ளை சட்டம்” என்றார் லோகேஸ்வரன், ஒரு நல்ல நோய் அகப்பட்ட வைத்தியரின் மகிழ்ச்சியோடு. “இருந்தது வேற, கணக்கில இருந்தது வேற. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இது லேசான விசயம். முன்னூற்றுச் சொச்சமாம் பிரிவு. அப்பீல் போடுவம். அந்தப் பதினாலு மாசத்தையும் தண்டனையில கழிக்கச் சொல்லிக் கேப்பம்.”

“ஐயா, ஒரு லோயர்ட்ட காட்டிட்டு செஞ்சா நல்லம் இல்லியா?” என்றார் ஹாஷிம்.

“லோயரோ? ஹாஷிம், லோயருக்குத் தெரிஞ்ச திகதி அடுத்த தவணைத் திகதி ஒண்டுதான். கடைசித் திகதியைச் சொல்ல நான் வேணும்.”

கலண்டர் கட்டு அவிழ்ந்தது. விரல் நாக்குக்குப் போனது. மூன்று வருடம் என்றால் முப்பத்தாறு மாதம். பதினான்கைக் கழித்தால் இருபத்திரண்டு. தீர்ப்பு வந்தது பெப்ரவரி பன்னிரண்டு. லட்சுமிகள் புரண்டார்கள், ஒரு முருகனும் புரண்டார். அடுத்த வருடத்துக் கலண்டர் இன்னும் அச்சாகாததால், இந்த வருடத்து டிசம்பர்த் தாளில் ஒரு நாள் தள்ளி எண்ணி, பென்சில் ஒரு கட்டத்தில் வட்டம் போட்டது.

“அடுத்த வருசம் டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. எழுதி வையுங்கோ. வியாழனும் இல்லை, சனியும் இல்லை.”

“இருபத்திரண்டு மாசமா அங்கிள்?”

“அது என்ன பிள்ளை, கண்ணை மூடித் திறக்கிற நேரம்!”

ரஜனி கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். மெஷின் இன்னும் அதே பக்கத்தைத்தான் கக்கிக்கொண்டிருந்தது.

மேன்முறையீட்டு மனுவை லோகேஸ்வரனே எழுதினார். பதினொரு பக்கம். அதில் ஏழு பக்கம் மரியாதை. மேன்மை தங்கிய மன்றத்தின் பாதங்களில் தொடங்கி, நீதி என்பது என்ன, அது இல்லாவிட்டால் மழை எப்படிப் பொய்க்கும் என்று விரிந்து, எட்டாம் பக்கத்தில் ஒரு வழியாகத் திலக்ஷன் வந்து சேர்ந்து, ஒன்பதாம் பக்கத்தில் உவமானமாக ஒரு மதில் வந்து, பத்தாம் பக்கம் முழுவதும் அந்த மதிலே நின்றுவிட்டது. பதினொன்றாம் பக்கத்தில் பதினான்கு மாதத்தைக் கழித்துத் தரும்படி மன்றாட்டம். கொடுக்க இருந்த அவகாசம் இரண்டு கிழமைதான் என்றாலும், “நவமி கழியட்டும்” என்று அவர் தடுத்து வைத்திருந்ததால், கடைசிக்கு முதல் நாள்தான் அது சிறைக்குள் போனது. திலக்ஷன் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. இந்த மனிதனுக்குக் கேட்கும் பழக்கமே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமை ஒழுங்கையின் பொதுச்சொத்தாயிற்று. லோண்ட்ரிக்காரனுக்குத் தெரியும், முட்டைக் கடைக்காரிக்குத் தெரியும், தொடர்மாடி வாட்சருக்குத் தெரியும், கோயில் வாசலில் செருப்பு வைத்திருக்கும் கிழவனுக்கும் தெரியும். “டிசம்பர் பன்னிரண்டு!” என்று லோகேஸ்வரன் ஒழுங்கையின் இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால், “வெள்ளிக்கிழமை!” என்று அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பதில் கொடுப்பார்கள். ரஜனியின் மகள் தாரிகா, அப்பாவை வீட்டில் பார்த்த ஞாபகமே இல்லாதவள், பள்ளிக்கூடத்தில் உங்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, “டிசம்பர்ல வருவாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ரஜனியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? ரிமாண்டில் இருந்தவரை நாளை எண்ணச் சோற்றுப் பார்சலாவது இருந்தது. தண்டனை என்றான பிறகு பார்சலும் இல்லை. ஒருவர் இவ்வளவு உறுதியாக ஒரு திகதியைச் சொல்கிறார் என்றால், அதில் தொங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்த வருடம் ஒக்டோபர், தீபாவளிக்கு முதல் கிழமை, விடுதலை நாளுக்கு என்ன கடதாசி கொண்டுவர வேண்டும் என்று கேட்க ரஜனி சிறைச்சாலை அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். பெரிய புத்தகத்தை எடுத்தார், விரலை ஓட்டினார், நிறுத்தினார், அவளை ஒருமுறை பார்த்தார்.

“தாம பட்டன் அரகென நே, நங்கி.”

இன்னும் தொடங்கவில்லையாம். எது தொடங்கவில்லை? தண்டனை.

அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சிங்களத்தில் மறுபடியும் சொன்னார். மேன்முறையீடு போட்டவன் மேன்முறையீட்டுக்காரன். அது முடியும்வரை அவன் உள்ளே காத்திருக்கிறான், அவ்வளவுதான். காத்திருக்கிற நாள் தண்டனையில் சேராது, மேல் மன்றம் சேர்க்கச் சொன்னால் ஒழிய. ஆகவே முப்பத்து நான்கு மாதமாக அரசாங்கப் பாயில் படுத்து அரசாங்கச் சோறு தின்றுகொண்டிருக்கும் திலக்ஷன், புத்தகப்படி சிறைக்கு இன்னும் வந்து சேரவேயில்லை. பதினான்கு மாதத்தைத் தேடப் போய் இன்னும் இருபது மாதத்தைத் தொலைத்தாயிற்று.

கடைக்குத் திரும்பி வந்து அவள் இதைச் சொன்னபோது, லோகேஸ்வரன் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தலை குனிந்தாரா? மன்னிப்புக் கேட்டாரா? வாசகரே, இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் இப்படிக் கேட்கலாமா? முதலில், உத்தியோகத்தர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பார் என்றார். பிறகு, சட்டமே பிழை, மாற்றச் சொல்லி எழுதவேண்டும் என்றார். தேநீர் வந்து பாதி குடித்த பிறகு, கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

“எனக்கு உது அப்பவே தெரியும் பிள்ளை. கோர்ட்டுக்குத் தெரியுமோ எண்டு பார்த்தனான்.”

“யா அல்லாஹ்” என்றார் ஹாஷிம், மெதுவாக.

ரஜனி அன்றைக்கு அரைநாள் லீவு கேட்டாள். நேரே போனது கொட்டாஞ்சேனையில் தான் குடியிருக்கும் தோட்டத்து வீடுகளின் முனையில் இருந்த கிளெமென்ற் என்ற சட்டத்தரணியிடம். கோட்டு உள்ளவர். கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவர் பதினொரு பக்கத்தையும் வாசித்தார். ஏழாம் பக்கம் தாண்டும்வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இதுல எல்லாம் இருக்கு தங்கச்சி. மழை இருக்கு. மதில் இருக்கு. அப்பீல்ல இருக்கிற நாளையும் தண்டனையில எண்ணுங்கன்னு ஒரு வரி எழுதணும். அது மட்டும்தான் இல்ல.”

“கேக்காட்டி குடுக்க மாட்டாங்களா சேர்?”

“சில நேரம் குடுப்பாங்க. நாம ஏன் சில நேரத்தை நம்பணும்? கேப்போம். எண்ணச் சொன்னா, இவரு டிசம்பர்ல வீட்டுக்கு வந்திருவாரு. சொல்லாட்டி...” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்பீல் முடியிற நாள்லேருந்து புதுசா மூணு வருஷம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரஜனி தாரிகாவின் வயதோடு மூன்றைக் கூட்டிப் பார்த்தாள். கூட்டியிருக்கக் கூடாது.

கிளெமென்ற் ஓடித் திரிந்து, மனு போட்டு, அவசரம் காட்டி, சிறையிலிருந்து ரிமாண்ட் நாட்களுக்கு ஒரு கடிதமும் எடுத்து, வழக்கை டிசம்பர் பத்தாம் திகதி புதன்கிழமைக்கு மன்றத்துக்குக் கொண்டுவந்தார். லோகேஸ்வரன் வராமல் இருப்பாரா? “நீங்கள் வரத் தேவல்ல, மிஸ்டர் லோகேஸ்வரன்” என்று கிளெமென்ற் தொலைபேசியில் மூன்று தரம் சொன்னதை அவர் மூன்று தரமும் அழைப்பாக எடுத்துக்கொண்டார். புடவைக்கடைப் பையில் எட்டு வருடக் கலண்டர், கையில் குடை, நெற்றியில் மூன்று கோடு. வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு முன்னூற்றுச் சொச்சமாம் பிரிவை விளக்கிக்கொண்டே வந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் புறக்கோட்டைக்குப் போகவேண்டியவர். இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்தார்.

மன்றத்தில் வாங்கின் நுனியில் ரஜனி. பக்கத்தில் பையை மடியில் வைத்தபடி லோகேஸ்வரன். கைதிக் கூண்டில் மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, திலக்ஷன்.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் ஆபத்து. கிளெமென்ற் நான்கே நிமிடம் பேசினார். மரியாதை அரை வரி, மதில் கிடையாது. நீதிபதி கேட்டார், அரச சட்டத்தரணி எழுந்து ஆட்சேபம் இல்லை என்றார், நீதிபதி எழுதத் தொடங்கினார். தண்டனை தீர்ப்பு நாளிலிருந்தே ஓடியதாகக் கொள்ளப்படும். ரிமாண்ட் காலமும் கழிக்கப்படும். ரஜனி தன் கைப்பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ரிமாண்டில் எத்தனை நாள்?”

கிளெமென்ற் சிறைக் கடிதத்தைக் கொடுத்தார். “நானூற்று இருபத்தேழு நாட்கள், மை லோர்ட்.”

நீதிபதியின் பேனா சிறிது கணக்குப் பார்த்தது. “அப்படியானால் தண்டனை நாளையோடு முடிகிறது. நாளைக்கு, வியாழக்கிழமை, இவரை விடுதலை செய்யலாம்.”

நாளைக்கு! ரஜனிக்கு வீட்டில் மீன் இல்லை, நாளைக்குக் காலையில் வாங்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கூண்டுக்குள் திலக்ஷன் நிமிர்ந்தான்.

அவளுக்குப் பக்கத்தில் ஒருவருக்கு வேறு ஒரு சொல் காதில் விழுந்திருந்தது. வியாழக்கிழமை.

எண்ணிப் பாருங்கள், வாசகரே. இருபத்திரண்டு மாதமாக ஒழுங்கை முழுவதும் வெள்ளிக்கிழமை. லோண்ட்ரிக்காரனுக்கு வெள்ளிக்கிழமை, முட்டைக்காரிக்கு வெள்ளிக்கிழமை, செருப்புக் கிழவனுக்கும் வெள்ளிக்கிழமை. நாளைக்கு இந்தப் பெடியன் ஒரு நாள் முந்தி வந்து ஒழுங்கையில் நின்றால், லோகேஸ்வரனின் பெயர் என்ன ஆவது? பை அவிழ்ந்தது. விரல் நாக்குக்குப் போனது. லட்சுமிகள் பறந்தார்கள். ரஜனி என்ன என்று திரும்புவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“மை லோர்ட்!”

மன்றம் திரும்பியது. பேனா நின்றது.

“யார் நீங்கள்?”

“நான் சட்டத்தரணி இல்லை, மை லோர்ட், ஆனால்...”

“இருங்க அங்கிள்!” ரஜனி அவருடைய சேர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சேர்ட் வந்தது, அவர் வரவில்லை.

“கடிதத்தில ஒரு நாள் கூடிப்போச்சு, மை லோர்ட். தீர்ப்பு நாளை ரெண்டு பக்கமும் எண்ணிப்போட்டினம். ரிமாண்டிலயும் எண்ணி, தண்டனையிலயும் எண்ணி! நானூற்று இருபத்தாறுதான். எட்டு வருசக் கலண்டர் இருக்கு. இவனை வெள்ளிக்கிழமைதான் விடலாம்!”

கிளெமென்ற் கண்ணை மூடிக்கொண்டார். இதில் கொடுமை என்ன தெரியுமா? லோகேஸ்வரன் சொன்னது சரி. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நீதிமன்றத்தில் அவர் சரியாகச் சொன்னார், அதுவும் தன் பக்கத்து ஆளுக்கு எதிராக.

அதுவரை ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்த அரச சட்டத்தரணி இப்போது எழும்பத்தான் வேண்டியிருந்தது. இலக்கத்தில் சந்தேகம் எழுப்பப்பட்டிருப்பதால் சிறைச்சாலையிடம் மறுபடியும் உறுதிப்படுத்த அனுமதி கேட்டார். நீதிபதி பெருமூச்சு விட்டார். கட்டளை கட்டளைதான், அதில் மாற்றமில்லை. நாட்களின் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து அடுத்த புதன்கிழமை சமர்ப்பிக்கவும். அதுவரை கைதி உள்ளேயே இருக்கட்டும்.

வியாழனா வெள்ளியா என்ற ஒரு நாளைத் தீர்க்க, அடுத்த புதன்.

லோகேஸ்வரனுக்கு இன்னும் சொல்ல இருந்தது. மதிலுக்கு வருவதற்குள் அவருடைய சட்டைப்பையிலிருந்து ஒரு பெண் குரல், மணி ஓசையோடு, மன்றம் முழுவதும் கேட்கும்படி, “ராகு காலம் ஆரம்பம்” என்று அறிவித்தது. மணி பன்னிரண்டு. கைத்தொலைபேசியை அவர் நிறுத்தத் தேடினார். அது மறுபடியும் அறிவித்தது.

நீதிபதி அதிகம் பேசவில்லை. இந்தக் கனவானை மன்றம் கலையும்வரை கீழே கூண்டறையில் வைத்திருக்கும்படி சொன்னார். மன்றம் கலையும்வரை. அவ்வளவுதான் தண்டனை. சட்டப் புத்தகத்தில் அதைவிடச் சின்னது கிடையாது.

கீழே கொண்டுபோய்க் கைக்கடிகாரத்தை வாங்கினார்கள். தொலைபேசியை வாங்கினார்கள். இடுப்புப் பட்டியை வாங்கினார்கள். கலண்டர் கட்டை வாங்கிய கொன்ஸ்டபிள் இது என்ன என்று கேட்டு, பதில் நீளமாக வரவே, கேளாமலே மேசைக்கு அடியில் போட்டார். கதவு சாத்தியது. உள்ளே, சிறை பஸ் வரும்வரை சுவரோடு சாய்ந்து இருந்தவன் திலக்ஷன்.

அந்த அறையில் நடந்ததைத் திலக்ஷன் பிறகு, அடுத்த புதன் வீட்டுக்கு வந்து, மீன்குழம்புக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னான். அடிக்கவேண்டும் போல்தான் இருந்ததாம். ஆனால் மனுசன் நெற்றியில் மூன்று கோடும் வேர்த்து ஒன்றாகி, விழப்போகிற காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்ற நிலையைப் பார்த்ததும் கை வரவில்லை. சுவர்ப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தான்.

“இருங்க அங்கிள். நின்னா கால் நோகும்.”

லோகேஸ்வரன் இருந்தார். எழும்பினார். இருந்தார்.

“தம்பி, ஒரு மணித்தியாலம் இருக்கும் என்ன?”

“இப்பதானே கதவைச் சாத்தினாங்க.”

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். மேலே எங்கேயோ கதிரை இழுபட்டது.

“இப்ப? இப்ப ரெண்டு மணி ஆயிருக்குமோ?”

“அங்கிள், கேக்காதீங்க. கேட்டா நீளும். நான் இந்த அறைக்கு நாலு தரம் வந்திருக்கேன். அந்தா செவுத்துல ஆணி தெரியுதா? வெயில் அதுக்கு வந்தா மூணு மணி. அதுவரைக்கும் ஆணியப் பாக்காதீங்க. ஆணியப் பாத்தா வெயில் நகராது.”

லோகேஸ்வரன் ஆணியைப் பார்த்தார். அதைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. வெயில் நகரவில்லை. ஒருமுறை பின்னால் போனது போலவும் இருந்தது. பத்தொன்பது வருடம் வழக்காடிய மனிதர். ஆனால் அந்தப் பத்தொன்பது வருடமும் ஒவ்வொரு மாலையும் வெளியே வந்து தேநீர் குடித்தவர். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணினார். எண்ணியது பாதியில் விட்டுப்போயிற்று. மறுபடி தொடங்கினார். விரலை நாக்கில் தொட்டார்; புரட்ட ஒன்றும் இருக்கவில்லை. பிறகு, திலக்ஷன் சொல்கிறபடி, மிகவும் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார்.

“நீ எத்தனை நாள் எண்டு சொன்னனி தம்பி?”

“நான் சொல்லல்ல அங்கிள். நீங்கதான் சொன்னீங்க.”

வாசகரே, சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நான் உங்களை ஒன்று கேட்கலாமா? முப்பத்தாறில் பதினான்கு போனால் இருபத்திரண்டு என்று வந்த இடத்தில், நீங்களும் ஒருமுறை கழித்துப் பார்த்தீர்களா இல்லையா? நானூற்று இருபத்தாறா, நானூற்று இருபத்தேழா என்று வந்தபோது, டிசம்பருக்கு முப்பத்தொன்றா என்று விரல் மொளியைத் தடவவில்லையா? கணக்குச் சரி என்று கண்டதும் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்ததே, அந்த நேரம் கூண்டுக்குள் நின்ற பையன் உங்கள் ஞாபகத்தில் இருந்தானா? பரவாயில்லை, யாருக்கும் சொல்லமாட்டேன். நாளைக்கு லிஃப்ட் நடுவில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் தன் வழக்கைச் சொல்லத் தொடங்கினால், உங்கள் தொண்டை தானாகச் செருமுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாலே கால் மணிக்கு மன்றம் கலைந்தது. சிறை பஸ் திலக்ஷனை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பதற்காக ரஜனி வாசலிலேயே நின்றிருந்தாள். பஸ்ஸின் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை அசைந்தது, போயிற்று. அவள் நின்றபடியே லோகேஸ்வரனுக்குச் சொல்வதற்கு நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். நாலு அல்ல, நாற்பது. மத்தியானத்திலிருந்து அவள் வேறொன்றும் செய்யவில்லை.

அவர் வெளியே வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பை. இடுப்புப் பட்டியைக் கட்ட மறந்து தோளில் போட்டிருந்தார். கைக்கடிகாரம் சட்டைப்பையில் இருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூச, படியில் நின்று புதுக்கடைத் தெருவை, இளநீர் வண்டியை, கோப்புக் கட்டோடு போகும் கோட்டுக்காரர்களை, எல்லாவற்றையும் எங்கேயோ தூரப் பயணம் போய்த் திரும்பி வந்தவரைப் போலப் பார்த்தார். ரஜனியைக் கண்டதும் இரண்டு படி இறங்கி அவளுக்குக் கிட்ட வந்தார். வாயைத் திறந்தார். ‘ஆனால்’ வரவில்லை.

“பிள்ளை...” என்றார் மெல்ல. “இண்டைக்கு என்ன கிழமை?”

ரஜனி சேர்த்து வைத்திருந்த நாற்பதும் எங்கேயோ போய்விட்டது.

“காலையில வந்த அதே புதன்தான், அங்கிள்.”